ட்யூபை மாற்றுவதற்கு முன்: முகப்பரு க்ரீம் பற்றி வாசகர் கேள்விகள்

முகப்பருவைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: நான் போடும் க்ரீம் வேலை செய்கிறதா இல்லையா, அதை எப்படித் தெரிந்துகொள்வது? அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 19 வயது டாக்டர். கன்னத்திலும் நெற்றியிலும் பரு. தோல் டாக்டர் அடாபலீன் ஜெல் எழுதிக் கொடுத்தார். 18 நாளாகத் தினமும் இரவு போடுகிறேன், குறையவே இல்லை. போன வாரம் தாடைப் பக்கம் புதிதாக நாலைந்து வந்துவிட்டது. ஹாஸ்டலில் தோழி வேறொரு ட்யூப் பெயர் சொல்கிறாள். மாற்றிவிடலாமா?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

மாற்றாதீர்கள் அம்மா. 18 நாளில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

இன்று கண்ணாடியில் தெரிகிற பரு இன்று காலையில் முளைத்ததில்லை. தோலில் ஒவ்வொரு முடிக்குழிக்கும் பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்தக் குழியின் வாயில் உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போதுதான் பரு தொடங்குகிறது. அந்த அடைப்பு முதலில் கண்ணுக்கே தெரியாது. உள்ளே எண்ணெய் தேங்கி, நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா அங்கே பெருகி, சிவந்து வீங்கி நீங்கள் விரலால் தடவிப் பார்க்கும் நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் எட்டு வாரம்கூட ஆகும். அடாபலீன் செய்யும் முக்கியமான வேலை புது அடைப்பு உருவாகாமல் தடுப்பது. ஏற்கெனவே உள்ளே வரிசையில் நிற்பவை வெளியே வந்துதான் தீரும். உங்கள் தாடையில் வந்த நாலைந்தும் அநேகமாக நீங்கள் ட்யூபைத் திறப்பதற்கு முன்பே தொடங்கியவை. முதல் சில வாரம் பரு கொஞ்சம் கூடுவதும் இந்த வகை மருந்துகளில் பலருக்கு நடப்பதுதான். முகப்பரு க்ரீம்களைச் சோதிக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் 12 வாரம் முடிந்த பிறகே கணக்குப் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

போடும் விதத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவின் தலையிலும் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தால் பயனில்லை, ஏனென்றால் அடுத்த பரு எந்த இடத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று தொட்டு வைத்துவிட்டு முகம் முழுவதும் மெல்லப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு முனை மூன்றையும் விட்டுவிடுங்கள். எரிச்சலோ தோல் உரிதலோ இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம், மேலே மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவலாம். முகம் வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ மட்டும் நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்தவரைப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒரு இளைஞர் மஞ்சள் பையிலிருந்து 11 ட்யூப்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். எல்லாமே 15 கிராம் ட்யூப். ஒன்றுகூடக் கழுத்துக்குக் கீழே நசுங்கியிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நாள் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார். ஒன்றரை வருடம், நிறையப் பணம், அத்தனை நல்ல மருந்துகள், ஆனால் எதற்கும் அவர் வேலை செய்ய நேரம் கொடுக்கவே இல்லை. அந்த வரிசையில் மூன்றாவதாக இருந்த ட்யூபையே மறுபடி எழுதிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கேள்வி: ஒரு க்ரீம் எனக்கு ஒத்துவருமா, உண்மையிலேயே பருவைக் குறைக்கிறதா என்பதை வீட்டிலேயே ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன், எதையும் சோதிக்காமல் நம்புவதில்லை.
(வாசகர், கோவை)

உண்டு. உங்கள் வேலைக்கே உரிய பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒத்துவருமா என்பது ஒன்று, குணமாக்குகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிடும், இரண்டாவதற்கு மூன்று மாதம் ஆகும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எரிந்தால் நல்ல மருந்து என்று நினைப்பவர்களும் உண்டு, எரியவில்லை என்பதாலேயே வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுபவர்களும் உண்டு.

ஒத்துவருமா என்று பார்க்க, முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் தடவி வாருங்கள். அரிப்பு, தடிப்பு, சிறு கொப்புளம் வந்தால் அந்த க்ரீம் உங்கள் முகத்துக்கு வேண்டாம். லேசாகக் காய்ந்து போவது மட்டும் என்றால் அது ஒவ்வாமை இல்லை, அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றில் அது எதிர்பார்ப்பதுதான். கையில் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக முகத்திலும் ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்ல முடியாது, முகத்துத் தோல் இன்னும் மென்மையானது. அதனால் அடுத்த மூன்று நாள் தாடை ஓரத்தில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

இரண்டாவது கேள்விதான் கடினம், அதற்குக் காரணம் பருவின் குணம். பரு தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். நாம் எப்போது கடைக்குப் போய் க்ரீம் வாங்குகிறோம்? முகம் மிக மோசமாக இருக்கும் வாரத்தில், அல்லது கல்யாணமோ இன்டர்வியூவோ வருகிறதென்ற பதற்றத்தில். உச்சத்தில் இருப்பது அடுத்த இரண்டு வாரத்தில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், முகத்தில் வெறும் தண்ணீரைத் தெளித்திருந்தாலும் இறங்கியிருக்கும். ஆனால் பாராட்டு அந்த வாரம் கையில் இருந்த ட்யூபுக்குப் போய்விடுகிறது. அக்கம்பக்கத்தில் "எனக்கு இதுல ஒரே வாரத்துல போயிடுச்சு" என்று மனமாரச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறாக இருக்கலாம்.

இதைத் தாண்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். க்ரீம் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் சும்மா எண்ணுங்கள். வாரம் ஒருநாள், அதே கிழமை, காலையில் முகம் கழுவிக் கால் மணி நேரம் கழித்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, நெற்றி, வலது கன்னம், இடது கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து பகுதியாகப் பிரித்து எண்ணுங்கள். கரும்புள்ளி, வெண்புள்ளி ஒரு கணக்கு. சிவந்தது, சீழ் வைத்தது இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள், ஏனென்றால் ஒரு மருந்து முதல் வகையை அதிகம் குறைக்கும், இன்னொன்று இரண்டாவது வகையை. ஆராய்ச்சி செய்பவர்களும் இப்படிப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரத்தில் மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபோனில் அழகுபடுத்தும் வசதியை நிறுத்திவிட்டு. பெண்கள் இதைச் செய்யும்போது ஒன்றைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும்: மாதவிடாய்க்கு முந்தைய வாரம் பலருக்குப் பரு கூடும், ஆகவே இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல் போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் பாதி முகச் சோதனை இருக்கிறது. ஒரு கன்னத்தில் மருந்து, மறு கன்னத்தில் சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும். சாப்பாடு, தூக்கம், வெயில், மன அழுத்தம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்பதால் வித்தியாசம் தெரிந்தால் அது மருந்தால்தான். ஆராய்ச்சியிலும் இந்த முறை உண்டு. ஆனால் பரு லேசாக இருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யுங்கள். பெரிய கட்டிகளாக வருகிறவர்கள் ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் மூன்று மாதம் விட்டால் அந்தப் பக்கம் குழி விழுந்துவிடும்.

அப்புறம், சோதனை நடக்கும்போது புது ஃபேஸ்வாஷ், புது சோப்பு, புது எண்ணெய் எதையும் நுழைக்காதீர்கள். ஒரே நேரத்தில் மூன்று விஷயத்தை மாற்றிவிட்டு எது காரணம் என்று தேடினால் கிடைக்குமா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் முகப்பருவுக்கான புது க்ரீமைச் சோதிக்கும் ஆய்வில் சேரக் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் க்ரீமைத்தான் கொடுப்பார்களாம், யாருக்கு எது என்று சொல்லவும் மாட்டார்களாம். இது ஏமாற்றுவது போல இருக்கிறதே? சேர்க்கலாமா?
(பெற்றோர், தஞ்சாவூர்)

உங்கள் சந்தேகம் நியாயமானது. முதலில் வெறும் க்ரீம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

எந்த க்ரீமிலும் மருந்து என்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அந்த மருந்தைச் சுமக்கும் அடிப்படைப் பொருள். தண்ணீர், எண்ணெய்ப் பசை, கெட்டியாக்கும் பொருள் இப்படி. அந்த அடிப்படை க்ரீமும் தோலைப் பதமாக்கும். ஆய்வில் சேர்ந்துவிட்டோம் என்பதற்காகவே பையன் ஒழுங்காக முகம் கழுவுவான், கிள்ளாமல் இருப்பான். இவற்றோடு பரு தானாக இறங்குவதும் சேரும். இதையெல்லாம் கழித்தால்தான் மருந்து தன் பங்குக்கு எவ்வளவு செய்தது என்று தெரியும்.

ஒரு உண்மையான உதாரணம். க்ளாஸ்கோடெரோன் என்ற 1 சதவீத க்ரீம். எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிவிடும் ஆண்ட்ரோஜன் ஹார்மோனைத் தோலிலேயே தடுக்கும் மருந்து. நடுத்தரம் முதல் கடுமை வரையிலான முகப்பரு இருந்த 1,440 பேரை வைத்து, ஒரே மாதிரியான இரண்டு ஆய்வுகளாக, ஒன்றில் 708 பேர், மற்றதில் 732 பேர் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சோதித்தார்கள். தினம் இரண்டு வேளை, 12 வாரம். முகம் முற்றிலும் அல்லது கிட்டத்தட்ட தெளிந்து, பருவின் தர அளவில் குறைந்தது இரண்டு படி இறங்கினால்தான் வெற்றி என்று கணக்கு. முதல் ஆய்வில் மருந்து போட்டவர்களில் 18.4 சதவீதம் பேர் அந்த நிலையை எட்டினார்கள். வெறும் க்ரீம் போட்டவர்களில் எட்டியவர்கள் 9 சதவீதம். இரண்டாவது ஆய்வில் 20.3, 6.5. முடிவுகள் 2020இல் வெளியாயின, அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அதை அனுமதித்தது.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். முதல் ஆய்வில் வெறும் க்ரீம் குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால், நூற்றுக்கு 18 பேர் தெளிந்ததும் மருந்தால்தான் என்று எல்லோரும் நம்பியிருப்போம். அதில் பாதி மருந்தில்லாமலே நடக்கக்கூடியது. இன்னொன்றும் தெரிகிறது: புது மருந்து என்று இவ்வளவு பேசப்பட்ட ஒன்றிலும் 12 வாரத்தில் முகம் தெளிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அதற்காக மற்றவர்களுக்குப் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எண்ணிக்கை குறைந்தும் அந்தக் கடுமையான கோட்டைத் தாண்டாதவர்கள் இருப்பார்கள். ஆனால் "ஏழே நாளில்" என்று எழுதியிருக்கும் டப்பாவைப் பார்க்கும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும்.

யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரு எண்ணும் டாக்டருக்கும் தெரியாது. இது மறைத்து வைப்பதுதான், ஆனால் மறைக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, உங்கள் கையெழுத்தை வாங்கிய பிறகு செய்வது. அதைச் சொல்லாமல் செய்தால்தான் ஏமாற்று. அப்படியும் நடந்திருக்கிறது. இன்று உலகெங்கும் பருவுக்கு எழுதிக் கொடுக்கப்படும் ட்ரெடினாயினை இந்த வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். அதே கிளிக்மன் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகள் மீது, சொற்பக் காசு கொடுத்து, என்ன தடவுகிறோம் என்பதைச் சரியாக விளக்காமல் சோதனைகள் நடத்தினார். பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு 2021லும் பிலடெல்பியா நகரம் 2022லும் அதற்காக மன்னிப்புக் கேட்டன. அந்த மனிதர்களின் முதுகில் பட்ட தழும்புகளை நினைக்கும்போதெல்லாம், சம்மதப் படிவம் என்ற நாலு பக்கத் தாளை நான் வெறும் சடங்காகப் பார்ப்பதில்லை.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். அங்கேயே உடனே கையெழுத்துப் போடச் சொன்னால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். 18 வயது ஆகாததால் உங்கள் ஒப்புதலோடு அவனுடைய சம்மதமும் தனியாக வேண்டும், அவனுக்கு விருப்பமில்லை என்றால் அதோடு முடிந்தது. ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2009 ஜூன் மாதத்திலிருந்து நம் நாட்டில் இந்தப் பதிவு கட்டாயம், அந்த எண்ணைப் போட்டு யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு ஆய்வை நடத்துபவருடையது என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, அது தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்து, பரு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் சேர்க்கலாம், நான் தடுக்க மாட்டேன். அப்படிச் சேர்ந்தவர்களால்தான் இன்று நம் கையில் நம்பகமான மருந்துகள் இருக்கின்றன. ஆனால் கன்னத்தில் வலிக்கும் கட்டிகள், ஏற்கெனவே குழி விழத் தொடங்கிவிட்டது என்றால் சேர்க்காதீர்கள். வெறும் க்ரீம் அவனுக்கு வந்துவிட்டால் அந்த 12 வாரத்தில் விழும் குழி வாழ்நாள் முழுக்க இருக்கும். அவனுக்கு இப்போதே முழுச் சிகிச்சை தேவை.

கேள்வி: பார்லரில் ஒரு சின்ன வெள்ளை டப்பாவில் க்ரீம் கொடுத்தார்கள். நான்கே நாளில் பரு அமுங்கி முகம் பளிச்சென்று ஆனது. ஆறு மாதமாகப் போடுகிறேன். இரண்டு நாள் விட்டால் முகம் முழுக்கச் சிவந்து, எரிந்து, முன்பைவிட அதிகமாகப் பரு வருகிறது. மறுபடி போட்டால் சரியாகிறது. அப்படியென்றால் இது நல்ல மருந்துதானே?
(வாசகி, திருநெல்வேலி)

இல்லை அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குப் பதறியது. அந்த டப்பாவை இன்றே எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள்.

நான்கு நாளில் பருவை அமுக்கி முகத்தை வெளுக்கவும் வைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் இப்படிப் பல பெயர்களில் வரும். தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதால் சிவப்பு உடனே மறைகிறது. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் போடும்போது தோல் மெலிந்து, கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரியும், பூனை முடி வளரும், வெயிலில் நின்றால் முகம் காந்தும், கடைசியில் அந்த ஸ்டீராய்டே புதிதாகப் பருவைக் கிளப்பும். விட்டால் சீறுகிறது, போட்டால் அடங்குகிறது என்று நீங்கள் சொல்வது மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் இல்லை, தோல் அதற்கு அடிமையாகிவிட்டதற்கான அடையாளம்.

நீங்கள் மட்டும் இல்லை. முகத் தோல் பிரச்சினைகளோடு நம் நாட்டில் 12 மையங்களுக்கு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011இல் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தோல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் போடச் சொன்னவர் டாக்டரே இல்லை. 2018இல் 14 ஸ்டீராய்டு க்ரீம் வகைகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது, தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்திய பிறகு.

உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்றே எழுதியிருக்காது என்று நினைக்கிறேன். அது இன்னும் ஆபத்து. முகத்தை வெளுக்க வைக்கும் சில க்ரீம்களில் பாதரசமும் இருந்திருக்கிறது. கேரளத்தின் மலப்புரத்தில் இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்களோடு தொடர்புடைய சிறுநீரகப் பாதிப்புகள் 2023இல் செய்தியாயின. காலில் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிறுத்தும்போது சில வாரம், சிலருக்குச் சில மாதம் முகம் கஷ்டப்படுத்தும். கண்ணாடியைப் பார்த்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் பலர் மறுபடி டப்பாவைத் தொட்டுவிடுகிறார்கள். படிப்படியாக விடுவதா, ஒரேயடியாக நிறுத்தி வேறு மருந்தால் தாங்கிக்கொள்வதா என்பதை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், அதனால்தான் தனியாக முயற்சி செய்யாதீர்கள் என்கிறேன். மீண்டு வரலாம். நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

கேள்வி: பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் போடுகிறேன். 10 சதவீதத்துக்கு மாறினால் சீக்கிரம் போகுமா? துண்டெல்லாம் வெளுத்துப் போகிறது, முகமும் வெளுத்துவிடுமா?
(வாசகர், சேலம்)

மாற வேண்டாம். 2.5, 5, 10 மூன்றையும் ஒப்பிட்டு 1986இல் வெளியான ஆய்வில், சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை, எரிச்சல்தான் 10இல் அதிகம். முகம் வெளுக்காது. துணிச் சாயம் போகும், அதனால் வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள், சட்டைக் காலரில் படாமல் காயவிடுங்கள். பாக்டீரியா இந்த மருந்துக்குப் பழகிப்போவதில்லை என்பது இதன் பெரிய பலம், க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் போடாமல் இதோடு சேர்த்துப் போடச் சொல்வதும் அதனால்தான்.

சேலம் வெயிலை நினைத்து ஒன்று சொல்கிறேன். சூட்டில் இந்த மருந்து சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற ரசாயனம் உண்டாகலாம் என்ற கவலை 2024இல் எழுந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்து, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் பயப்பட ஒன்றுமில்லை என்று 2025 மார்ச்சில் அறிவித்தது, சிலவற்றைத் திரும்பப் பெறச் செய்தது. ட்யூபை பைக் பெட்டியிலும் ஜன்னல் விளிம்பிலும் வைக்காதீர்கள், தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: பற்பசை, எலுமிச்சைச் சாறு, டீ ட்ரீ ஆயில், இதில் எது நல்லது?
(வாசகி, காரைக்குடி)

பற்பசையும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். இரண்டும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சை தடவிக்கொண்டு வெயிலில் போனால் கறுப்புத் திட்டே விழும். டீ ட்ரீ ஆயில் ஓரளவு சோதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து அதன் 5 சதவீத ஜெல்லை 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டு 1990இல் வெளியிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன, எண்ணெய் மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. பாட்டிலில் வரும் சுத்த எண்ணெயை அப்படியே தடவாதீர்கள், அந்த ஆய்வில் இருந்தது 5 சதவீதம்தான்.

கேள்வி: மூன்று மாத கர்ப்பம். முன்பு வாங்கிய அடாபலீன் ஜெல் பாதி இருக்கிறது. போடலாமா?
(வாசகி, ஈரோடு)

வேண்டாம், ட்ரெடினாயினும் வேண்டாம். அசெலாயிக் ஆசிட் க்ரீம் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது, உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே சில நாள் தெரியாமல் தடவிவிட்டீர்கள் என்றால் பயப்படாதீர்கள், தோலில் தடவும் அடாபலீன் ரத்தத்தில் மிக மிகக் குறைவாகத்தான் சேரும். நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையாகச் சாப்பிடும் ஐசோட்ரெடினாயின்தான் கருவுக்குக் கடும் கெடுதல், அதைச் சாப்பிட்டிருந்தால் மட்டும் இன்றே போய்ப் பாருங்கள்.

கேள்வி: போன ஆண்டு நீங்கள் சொன்ன மாதிரி நோட்டில் எண்ணி வைத்துத்தான் ஜெல் போட்டேன். தொடங்கும்போது சிவந்த பரு 26, இப்போது 14 வாரம் ஆகிறது, 5தான். ஆனால் முகம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. அம்மா "எவ்வளவு போட்டும் முகம் அப்படியேதான் இருக்கு, தண்டம்" என்கிறார். நிறுத்திவிடவா?
(வாசகி, விருதுநகர்)

நோட்டு போட்டதற்கு முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். நோட்டு இல்லையென்றால் நீங்களும் அம்மா சொல்வதைத்தான் நம்பியிருப்பீர்கள்.

26 என்பது 5 ஆகியிருக்கிறது, உங்கள் ஜெல் வேலை செய்திருக்கிறது. அம்மா பார்ப்பது பருவை அல்ல, பரு விட்டுச் சென்ற கறையை. நம் மாதிரி மாநிறத் தோலில் எந்த வீக்கம் வந்து போனாலும் அந்த இடத்தில் நிறமி கூடிக் கறுப்பாக நிற்கும். இன்று நீங்கள் காண்பது கடந்த மாதங்களின் பருக்கள் போட்ட கறை, அது மறைய மேலும் பல மாதம் எடுக்கும்.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். மாலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு இருக்கும் இடத்தை இரண்டு விரலால் லேசாக இழுங்கள். தட்டையாக, நிறம் மட்டும் இருந்தால் அது கறை, தானாக மங்கும். நடுவில் நிழல் விழுந்தால் அது குழி, அதற்கு ஜெல் போதாது, தோல் மருத்துவரிடம் தனிச் சிகிச்சை உண்டு.

கறைதான் என்றால் காலையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் போடுங்கள். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் கறை மங்காது, விருதுநகர் வெயிலைப் பற்றி உங்களுக்கே தெரியும். மீதி இருக்கும் ஐந்தைக் கிள்ளாதீர்கள், கிள்ளினால் அந்த இடத்தில் கறை இன்னும் ஆழமாகும். ஜெல்லை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் சில மாதத்தில் பழைய எண்ணிக்கைக்கே திரும்பிவிடுவது சகஜம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள், வாரம் மூன்று இரவு போட்டால் போதுமா என்று கேளுங்கள். அம்மாவுக்கு முதல் வாரம் எடுத்த படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.